கம்பெனி செட்டைக் கழற்றும் முன்

சப்ரகமுவத் தோட்டங்களில் யாராவது ஒரு காரோ வேனோ வாங்கி வந்தால், டயரைப் பார்க்கும் முன்னரே டாஷ்போர்டைப் பார்த்து ஒரு யோசனை சொல்லப்படுகிறது: “இந்தக் கம்பெனி செட் சரிவராது. கழற்றிப் போட்டுட்டு ஒரு அண்ட்ரொய்ட் பிளேயர் அடிங்க.” சொந்தக்காரர் சொல்வார், கராஜ்காரர் சொல்வார், இரத்தினபுரியிலும் அவிசாவளையிலும் கேகாலையிலும் உதிரிப்பாகம் விற்பவர்களும் அதையே சொல்வார்கள். அகலமான திரை, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கு, யூடியூப், பின்பக்கக் கமரா என்று அந்த யோசனைக்குத் துணை நிற்கும் காரணங்களும் எல்லோருக்கும் மனப்பாடம். எதிர்ப்பே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்ட இந்த யோசனை தவறானது என்பதே என் வாதம். செட்டை ஒருபோதும் மாற்றக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. காரில் பாட்டு நன்றாகக் கேட்காததற்குச் செட்டின் பங்கு மிகச் சிறியது. ஆனால் பணம் முதலில் அங்கேதான் போகிறது. செட்டை மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது; அதை விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இதனால் பலருக்கு நடப்பது என்னவென்றால், கையிருப்புக் கரைகிறது, பாட்டு முன்னைப் போலவே கரகரக்கிறது, வானொலி முன்னைவிட மோசமாகிறது.

பழி சுமத்தப்படும் அந்தச் செட் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் வீதிகளில் ஓடும் வேகன் ஆர், விட்ஸ், அக்சியோ, அக்வா, எவ்ரி போன்றவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் சில காலம் ஓடி, பிறகு இங்கே இறக்குமதியானவை. ஜப்பானில் ஏராளமான கார்கள் தொழிற்சாலையிலிருந்து செட்டே இல்லாமல் வெளியே வருகின்றன. விற்பனையகத்தில் வாங்குபவர் தன் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்து பொருத்திக்கொள்கிறார். ஆகவே நாம் மலிவான கம்பெனிச் சாமான் என்று கழற்றி மூலையில் போடுவது பல நேரம் பானசொனிக், கிளேரியன், கென்வூட், அல்லது பயனியர் நிறுவனம் கரோசெரியா என்ற பெயரில் விற்கும் தரமான கருவியாக இருக்கிறது. அந்த நாட்டில் ஒருவர் தனியே விலை கொடுத்து வாங்கிப் பூட்டியது அது. இங்கே வந்ததும் அதன் எழுத்துகள் நமக்குப் புரிவதில்லை. வரைபடம் ஜப்பானுக்கு உரியது. பெட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டினால் டொயோட்டா செட்டுகள் பல இரகசிய இலக்கம் கேட்டு அடைத்துக்கொள்கின்றன. இவை எல்லாம் உண்மையான தொல்லைகள்தான். ஆனால் பட்டியலை வாசிக்க முடியாதது ஒரு குறை, ஒலி கெட்டிருப்பது வேறொரு குறை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது. இந்தியாவிலிருந்து வந்த ஆல்ட்டோ போன்ற கார்களுக்கோ இந்தத் தொல்லைகள்கூடக் கிடையாது. அவற்றின் வானொலி நம் நாட்டு அலைவரிசை முழுவதையும் பிடிக்கும், எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். இருந்தும் அவற்றுக்கும் அதே யோசனைதான் சொல்லப்படுகிறது.

இனி வாட் கணக்கு. அண்ட்ரொய்ட் பிளேயர் பெட்டிகளில் 4×50, 4×60 என்று எழுதியிருப்பதைக் காட்டி, பழைய செட்டைவிட இது பல மடங்கு சக்தி என்கிறார்கள். பள்ளிக்கூடப் பௌதிகம் போதும், இது பொய் என்று காண. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் பெருக்கிச் சில்லு அந்த 14.4ஐத் தாண்டி ஸ்பீக்கருக்குக் கொடுக்க முடியாது. சீரான அலைக்கு அதன் பயன்படு அளவு 10.2 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் 10.2ஐ 10.2ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 26 வாட். சில்லுக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்து, ஒலி சிதையாத அளவில் பார்த்தால் 20 வாட்டுக்கு அக்கம்பக்கம். ஜப்பான் செட்டும் இதே பெட்டரியிலிருந்து, இதே விதமான சில்லைக் கொண்டு, ஏறத்தாழ இதே 20 வாட்டைத்தான் தருகிறது. பெட்டியில் 60 என்று அச்சடிப்பதற்குக் காகிதமும் மையும் போதும். ஸ்பீக்கருக்கு 60 வாட் கொடுக்க வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிப் பெருக்கி வேண்டும். சக்தி இரண்டு மடங்கானால்கூடக் காது உணரும் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. ஒலி இரட்டிப்பானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். செட்டை மாற்றியதும் சத்தம் கூடியதுபோல் தோன்றுவதற்கு அனேகமாக ஒரு காரணம்தான்: புதிய செட்டில் அடித்தொனியையும் மேல்தொனியையும் ஏற்றி வைத்தே கொடுக்கிறார்கள். பழைய செட்டில் அதே திருத்தத்தைச் செய்து பார்க்க யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

அப்படியென்றால் குறை எங்கே இருக்கிறது? கதவில். கார் தயாரிப்பவர் செலவை மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் ஸ்பீக்கர்தான். குறைந்த விலை மாதிரிகள் பலவற்றில் முன் கதவுகளில் மட்டும் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும். பின்கதவில் துளைக்கு மூடி மட்டுமே. இருப்பதும் மெல்லிய காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும் கொண்டது. அதை ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓட்டினால் என்ன ஆகும்? காகிதம் ஈரம் குடித்துத் தளர்கிறது. கூம்பின் விளிம்பில் நுரைப்பொருள் இருந்தால் அது ஈரத்திலும் வெப்பத்திலும் உதிர்ந்துபோகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை நீடித்ததால், வேறு நாட்டில் கழித்திருக்கக்கூடிய கார்களை நாம் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவற்றின் ஸ்பீக்கர்களும் அதே வயதுதான். கிழிந்த கூம்புக்கு எவ்வளவு நல்ல செட்டைப் பூட்டினாலும் அது கிழிந்த குரலில்தான் பாடும். மாறாக, பழைய செட்டிலேயே, அதே 20 வாட்டில், நல்ல உணர்திறன் கொண்ட ஒரு சோடி ஸ்பீக்கரைப் பூட்டிப் பாருங்கள். உணர்திறன் 3 டெசிபல் கூடினால் அது சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பெட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரம்கூட அதிகம் எடுக்காமல் அந்தப் பலன் கிடைக்கிறது.

ஸ்பீக்கரைவிடவும் கவனிக்கப்படாதது கதவின் உட்புறம். ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் சந்தித்தால் அடித்தொனி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கதவின் உள்தகட்டில் கைவிடுவதற்கென்று இருக்கும் பெரிய துளைகளை மூடி, தகட்டின் அதிர்வை அடக்கும் ரப்பர்த் தன்மையுள்ள ஒட்டுத் தகட்டை ஒட்டினால், ஊஃபர் வேண்டும் என்று நினைத்தவர்களில் பலருக்கு அது தேவைப்படாது. கீழ் விளிம்பில் இருக்கும் நீர்வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. நம் பகுதியில் வேலை செய்பவர்களிடம் நான் வலியுறுத்த விரும்பும் ஒன்று இங்கே இருக்கிறது. கதவு உறைக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கர் மாட்டும் அவசரத்தில் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். வறண்ட ஊரில் அது சின்னத் தவறாக இருக்கலாம். களுகங்கைப் பள்ளத்தாக்கில் ஒரு பருவமழைக்குள் உறை ஊறி, தரைவிரிப்பு நாறி, புது ஸ்பீக்கரும் போய்விடும். பிறகு அந்த ஸ்பீக்கர் மார்க்கையே மட்டம் என்பார்கள்.

இப்போது செட்டை மாற்றுவதற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். ஜப்பானில் எப்.எம். வானொலி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே இயங்கியது. 90 முதல் 108 வரையான இடத்தை அந்த நாட்டுப் பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்திருந்தன. 2011இல் அந்தத் தொலைக்காட்சி ஒலிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகே 95 வரை வானொலிக்குத் திறந்துவிட்டார்கள்; புதிய செட்டுகள் அதுவரை பிடிக்கும். நமது நாட்டில் எப்.எம். 108 வரை போகிறது. சூரியன், சக்தி ஆகிய தமிழ் நிலையங்கள் 100ஐத் தாண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அதாவது ஜப்பான் செட்டோடு வந்த காரில் ஏறும் தமிழர் ஒருவருக்கு, அவர் மொழியில் அதிகம் கேட்கப்படும் நிலையங்கள் முழுமையாக அடைபட்டுக் கிடக்கின்றன. சப்ரகமுவவில் இது வெறும் வசதிக்குறை என்று தள்ளிவிடக் கூடியதல்ல. நுவரெலியா போலத் தமிழர் திரண்டு வாழும் மாவட்டங்கள் அல்ல இரத்தினபுரியும் கேகாலையும். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று தேயிலையும் ரப்பரும் நிற்கும் இடங்களில் சிதறி, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் சிறுபான்மை நாம். சந்தையிலும் பிரதேச செயலகத்திலும் பஸ்ஸிலும் தமிழ் குறைவாகவே காதில் விழும் ஊரில், நாள் முழுக்கத் தமிழ் பேசும் ஒரு குரல் வண்டிக்குள் இருப்பது சிறிய விஷயமா?

இந்தக் குறைக்கு மலிவான மருந்தாக விற்கப்படுவது அலைமாற்றிப் பெட்டி. ஏரியல் கம்பியின் இடையில் மாட்டும் சின்னப் பெட்டி அது. வரும் அலையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்துச் செட்டுக்குக் கொடுக்கும். 18ஐக் கழிக்கும் பெட்டியானால் 94 முதல் 108 வரையுள்ள நிலையங்கள் 76 முதல் 90க்குள் வந்து விழும். 101இல் இருப்பது திரையில் 83 என்று தெரியும். அலை பலமாகக் கிடைக்கும் கொழும்பு வீதியில் இது போதும். மலை மறைப்பில் அலை மெலிந்து வரும் தோட்டத்தில் இந்தப் பெட்டி தன் இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கும். பக்கத்து நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அதனால், தமிழ் வானொலி கேட்க வேண்டும் என்ற காரணத்துக்காக ஜப்பான் செட்டை மாற்றுவதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் அப்படி மாற்றும்போது எதைத் தேட வேண்டும்? வானொலி வாங்கியை. திரையின் அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எப்.எம். அலை நேர்கோட்டில் போவது. ஒரு முகடு குறுக்கே நின்றால் மெலியும். எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும் அலை நேரலையோடு மோதி உறுமும். இதைச் சமாளிக்கத்தான் நல்ல வாங்கிகள் அலை மெலியும்போது ஸ்டீரியோவை மெல்ல ஒற்றைத் தடமாக்கி, மேல்தொனி இரைச்சலை அடக்கி, பேச்சு புரியும்படி காக்கின்றன. கார்க் கம்பெனிகள் இந்த ஒன்றில் பெரும்பாலும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. மிக மலிவான அண்ட்ரொய்ட் பிளேயர்களில் காசு மிச்சம் பிடிக்கப்படும் இடங்களில் இந்த வாங்கியும் ஒன்று. அதற்கு மேல், அதே பெட்டிக்குள் ஓடும் கணினியும் மின்னழுத்தம் மாற்றும் சுற்றுகளும் தாங்களே இரைச்சலை உமிழ்கின்றன. நல்ல வாங்கி வைத்த பிளேயர்களும் சந்தையில் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடையில் எத்தனை ஜிபி என்று கேட்பவர்கள், வானொலிச் சில்லு எது என்று கேட்பதில்லை. பயனியர், கென்வூட், சோனி போன்ற பெயருள்ள நிறுவனங்களின் எளிய ஒற்றை உயரச் செட் ஒன்று, திரை இல்லாவிட்டாலும், இறக்குவானை மலை வளைவில் மலிவான அண்ட்ரொய்ட் பிளேயரைவிட நன்றாகத் தமிழ் பேசக்கூடும்.

இன்னொரு கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல ஜப்பான் கார்களில் ஏரியல் குட்டையாக இருக்கும், அல்லது கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். அவை மெலிந்த அலையைப் பெருக்குவதற்கு அடியில் ஒரு சின்னப் பெருக்கியோடு வருகின்றன. அந்தப் பெருக்கிக்கு 12 வோல்ட் கொடுப்பது செட்டின் வேலை. புதிய செட்டுகளில் அதற்கென்று வழக்கமாக ஒரு நீல நிறக் கம்பி இருக்கும். பொருத்துபவர் அதை இணைக்காமல் விட்டுவிட்டால் ஏரியல் பாதி செத்துவிடும். கடை நகரத்தின் நடுவில் இருப்பதால் அங்கே நிலையங்கள் பிடிக்கும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் எதுவும் பிடிக்காது. மலையைக் குறை சொல்லிவிட்டு வானொலியை அணைத்துவிடுகிறார்கள். ஒரு கம்பியை ஒட்டினால் தீரும் குறை அது. பொருத்தியபின் கடை வாசலில் சோதிப்பதில் பயனில்லை. தோட்டத்து வீதியில் ஓட்டிப் பார்த்த பிறகே முழுக் காசைக் கொடுக்க வேண்டும்.

“வானொலியை இப்போது யார் கேட்கிறார்கள், எல்லாம் போனில் வருகிறதே” என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு. நகரத்தில் இருப்பவர் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மாகாணத்தின் மலைகளை நினைத்துப் பாருங்கள். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்துக் குடியிருப்பிலும் மண் சரிந்து நம் மக்களைப் புதைத்தது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் படிப்படியாக அறிவிக்கிறது. அந்த அறிவித்தல் லயத்தில் இருக்கும் ஒருவருக்குத் தமிழில், நேரத்தோடு போய்ச் சேருவதற்கு எத்தனை வழிகள் இருக்கின்றன? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோயின. போனில் வரும் எல்லாமே கோபுரத்தையும் அதன் மின்சாரத்தையும் நம்பியவை. கோபுரம் அணைந்தால் பாட்டோடு எச்சரிக்கையும் அணையும். காரிலும் ஆட்டோவிலும் இருக்கும் வானொலிக்கோ அதன் சொந்தப் பெட்டரி இருக்கிறது. தூரத்து ஒலிபரப்பு நிலையம் ஒன்று உயிரோடு இருந்தால் போதும். நகரத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே நாள் முழுக்க ஓடும் வண்டிக்காரர்தான் பல தோட்டங்களில் செய்தியை மேலே கொண்டுவருபவர். அவர் வண்டியிலிருந்து தமிழ் வானொலியைப் பிடுங்கி எடுத்து அந்த இடத்தில் யூடியூப் திரையை வைப்பதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியாது.

இரண்டாவது மறுப்பு திரையைப் பற்றியது: கமரா வேண்டும், வரைபடம் வேண்டும், போனைக் கையில் எடுக்காமல் பேச வேண்டும். பின்பக்கக் கமராவின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லய முற்றத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேனைப் பின்னால் எடுப்பவருக்கு அது அவசியமே. ஆனால் கமராவுக்கென்று கண்ணாடியில் மாட்டும் சின்னத் திரைகள் தனியாகவே கிடைக்கின்றன. அதற்காகச் செட் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. வரைபடத்தைப் போன் காட்டுகிறது. முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் காட்டும். போனிலிருந்து பாட்டை எடுக்கப் பழைய செட்டின் பின்புறமிருக்கும் ஆக்ஸ் வழி போதும். அதுவும் இல்லாத ஜப்பான் செட்டுக்குக்கூட ஒரு வழி உண்டு: சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் புளூடூத் எப்.எம். கருவிகள் 87.5இல் தொடங்குவதால், 87.5க்கும் 90க்கும் இடையில் இரண்டும் சந்திக்கின்றன. ஒலித்தரம் கொஞ்சம் குறையும், செலவு மிகச் சிறியது. யூடியூப்பைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு, எதிரே கொழுந்து லொறி என்றிருக்கும் தோட்டத்து வீதியில் ஓட்டுநரின் கண் முன்னே அசையும் படத்தை வைப்பதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரு வாதமும் எனக்குத் தெரியவில்லை.

திரையின் மறைந்த செலவு ஒன்றும் இருக்கிறது. காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் அண்ட்ரொய்ட் பிளேயர்கள் பல முழுதாக உறங்குவதில்லை; அடுத்த முறை சீக்கிரம் விழிப்பதற்காகக் கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு அது தெரியாது. வாரக்கடைசியில் மட்டும் எடுக்கும் காருக்கு அதுவே பெட்டரியின் சாவு. அக்வா, அக்சியோ போன்ற ஹைபிரிட் கார்களில் இது இன்னும் வினையானது. பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும், கணினிகளை எழுப்புவது சின்ன 12 வோல்ட் பெட்டரிதான். அது இறங்கிவிட்டால் கார் அசையாது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தக் காரைத்தான் கூப்பிடப்போகிறோம் என்ற எண்ணத்தோடு இதை யோசியுங்கள். இதோடு சேர்ந்தது வயரிங். காருக்கேற்ற சொக்கட்டை வாங்கி மாட்டாமல், மூலக் கம்பிகளை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. குலுங்கும் வீதியிலும் ஈரக் காற்றிலும் அந்த முறுக்குகள் களிம்பேறித் தளர்கின்றன. ஒருநாள் ஒரு பக்கம் பாட்டு நிற்கும், இன்னொரு நாள் ஃபியூஸ் போகும். பழைய செட்டைத் திருப்பி மாட்டலாம் என்றாலோ மாட்டுவதற்குச் சொக்கட்டே இருக்காது.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பும் ஒன்று உண்டு, அதை நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். ‘தோட்டத்துப் பையன்களுக்கு எதற்கு இந்தச் செட்டும் ஸ்பீக்கரும், வீண் செலவு’ என்று சொல்பவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள், நமக்குள்ளும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டிய மேலதிகப் பொருட்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் நடவடிக்கை எடுத்தபோது இந்தக் குரல்கள் மேலும் உயர்ந்தன. கண்ணை மறைக்கும் அலங்காரத்தையும் ஊரை எழுப்பும் ஹோர்னையும் கட்டுப்படுத்துவது சரி. ஆனால் நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க விரும்புவது குற்றமோ ஆடம்பரமோ அல்ல. இரண்டு நூற்றாண்டுகளாக இந்த மலைகளில் உழைத்த சமூகத்துக்கு மிகச் சில இன்பங்களே எட்டின. அவற்றில் வானொலிக்கும் சினிமாப் பாட்டுக்கும் இருந்த இடம் பெரியது. லீசிங் கட்டி வண்டி ஓட்டும் இளைஞன் தன் வண்டிக்குள் தெளிவான இசை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்த ஆசையை மதிக்க வேண்டும். மதிப்பதால்தான் அவன் பணம் அச்சடித்த வாட் எண்ணுக்குப் போகக்கூடாது என்கிறேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. தோட்டச் சம்பளத்தில் வாழும் வீட்டிலிருந்து வரும் பணம் ஒரு திரைக்குப் போகிறதா, இரண்டு நல்ல ஸ்பீக்கர்களுக்குப் போகிறதா என்பது பெரிய வித்தியாசம். பணம் கொழிப்பவர் வரிசை தவறிச் செலவழித்தால் அடுத்த மாதம் திருத்திக்கொள்வார். இந்த வீட்டுக்கு அடுத்த வாய்ப்பு ஆண்டுகள் கழித்தே வரும்.

ஆட்டோவின் கதை கொஞ்சம் வேறு. நாட்டில் பதிவான முச்சக்கரவண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். தோட்டங்களில் பொது வாகனம் என்றால் பெரும்பாலும் அதுதான். அதற்குக் கம்பெனி செட் என்று ஒன்று கிடையாது, எல்லாம் வெளியே வாங்கிப் பூட்டுவதே. அதனால் கழற்றுவதா வைப்பதா என்ற கேள்வி அங்கே எழாது. எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி இன்னும் கூர்மையாக எழும். பக்கங்கள் திறந்த வண்டியில் அடித்தொனி தங்காது. பின் இருக்கைக்கடியில் பெரிய ஊஃபரும் பெருக்கியும் வைத்தால் அதன் பலனில் பாதி வீதிக்குப் போய்விடும், மீதி பயணியின் முதுகில் அதிரும். வண்டியின் சின்ன மின்னாக்கியோ இரவில் விளக்கையும் பெருக்கியையும் ஒன்றாகத் தாங்காமல் திணறும். அங்கே பொருத்தமானது நல்ல வானொலி வாங்கியுள்ள எளிய செட்டும், குறைந்த சக்தியில் உரக்கப் பேசும் உணர்திறன் கூடிய ஒரு சோடி ஸ்பீக்கரும், ஒழுங்கான ஏரியலும். மழைத் திரைக்குள் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி அறிவிப்பாளரின் சொல் புரிய வேண்டும். அந்த வண்டிக்கு அதுதான் நல்ல ஒலி.

கடைசியாக, வாங்குபவர் மட்டும் விழித்தெழுந்தால் போதாது. 2025இல் இறக்குமதி திறந்த பிறகு ஜப்பான் வாகனங்கள் மறுபடியும் வந்துகொண்டிருக்கின்றன, முன்னைவிட மிக அதிக விலையில். அந்த விலையைக் கொடுப்பவருக்குத் தன் நாட்டு வானொலி கேட்காத செட்டைக் கொடுத்து, அதை மாற்றும் செலவையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமற்றது. அலைவரிசைகளைப் பகிர்ந்தளிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் நுகர்வோர் அதிகாரசபையும் இறக்குமதியாளரிடம் இதைக் கேட்கலாம்; கேட்க வேண்டும் என்று மலையக அரசியல்வாதிகள் வற்புறுத்தலாம். அதுவரைக்கும் விற்பவர்கள் செய்யக்கூடிய மிகச் சிறிய நேர்மை ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் எஞ்சின் கொள்ளளவு, ஓடிய கிலோமீற்றர், உற்பத்தி ஆண்டு என்று எழுதும் வரிசையில், எப்.எம். எதுவரை பிடிக்கும் என்ற எண்ணையும் சேர்த்து எழுதட்டும். 90, 95, 108 என்ற மூன்றில் அது எது என்று தெரிந்தால், செட்டை வைத்துக்கொள்வதா கழற்றுவதா என்பதை வாங்குபவர் கடைக்காரரைக் கேட்காமல் தானே முடிவு செய்துகொள்வார்.